ஐம்பது பெயர்களும் ஒரு ஸ்டாப்வாட்ச்சும்

வாசிக்கத் திணறும் பிள்ளைகளைச் சோதிக்கப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பெயர் சொல்லும் வேகம் பார்க்கிற அட்டை உங்கள் கைக்கும் வந்திருக்கும். வரிக்குப் பத்தாக ஐந்து வரி. ஐந்தே நிறங்கள் மாறி மாறி வரும் ஐம்பது கட்டங்கள். டென்க்லாவும் ரூடலும் 1970-களில் அமெரிக்காவில் உருவாக்கியது. பார்க்க விளையாட்டுப் போலிருக்கும்.

1. கடிகாரத்தை அழுத்தும் முன் பெயர்களைப் பேசி முடிவுசெய்யுங்கள். நம் பிள்ளைகளில் சிலருக்கு நீலம்தான் ஊதா, சிலருக்கு ப்ளூ. எதைச் சொல்வது என்று தயங்கும் அரை நொடியும் கணக்கில் ஏறிவிடும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிகிறதா என்றும் பாருங்கள். நிறக்குறைபாடு ஆண் பிள்ளைகளுக்கே அதிகம்.

2. நொடியை மட்டும் எழுதிவிட்டு எழுந்துவிடாதீர்கள். ஒரு பையன் மூன்றாம் வரி நடுவில் நிறுத்தி, “மிஸ், ஃபேன் ஏன் கிரீச்சுங்குது?” என்றான். திரும்பி வந்தபோது இரண்டாம் வரியில் நின்றான். அடுத்து வந்த சிறுமி விரலை எடுக்கவே இல்லை, ஒரு தப்பும் இல்லை. ஆனால் ஒவ்வொரு பெயரும் கிணற்றிலிருந்து இறைத்த மாதிரி வந்தது. இருவருக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்! தாளின் ஓரத்தில் நான் கிறுக்கிவைத்த குறிப்புதான் அவர்களைப் பிரித்துக் காட்டியது.

3. நிற அட்டையோடு நிறுத்தாமல் நிறம், படம், எழுத்து, எண் என நான்கு வகை அட்டைகளையும் வைத்துப் பாருங்கள். எழுத்திலும் எண்ணிலும் மெதுவாவது வாசிப்புச் சிக்கலோடு நெருங்கி வருகிறது. கவனச்சிக்கல் உள்ளவர்கள் பெரும்பாலும் நிறத்திலும் படத்திலும் தடுமாறுகிறார்கள். டானக்கும் சகாக்களும் 2000-ல் வெளியிட்ட ஆய்வில், கவனத்துக்கான மருந்து கொடுத்தபோது நிறம் சொல்லும் வேகம் கூடியது. எழுத்து, எண் வேகம் அப்படிக் கூடவில்லை. ஆனாலும் இது ஜாதகக் கட்டம் அல்ல. இரண்டு சிக்கலும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம்.

4. வெளிநாட்டுப் பிள்ளைகளின் நேர அட்டவணையைத் தமிழ்ப் பிள்ளைமேல் போடாதீர்கள். ‘ரெட்’ ஓரசை, ‘சிவப்பு’ மூன்று. என் முதல் வருடத்தில் அப்படிப் பார்த்துச் சில பிள்ளைகளை மந்தம் என்று எழுதிவைத்தேன். இன்றும் உறுத்துகிறது.

5. சொல்லை ஒலிகளாகப் பிரிக்க வருகிறதா என்றும் சோதியுங்கள். அதிலும் வேகத்திலும் சேர்ந்து பின்தங்கும் பிள்ளைகளே வாசிப்பில் அதிகம் அல்லாடுகிறார்கள். உல்ஃப், பவர்ஸ் இருவரும் 1999-ல் இதை ‘இரட்டைக் குறை’ என்றார்கள்.

6. “தினமும் பழக்குகிறோம், ஒரு ஜெராக்ஸ் கொடுங்க” என்று பெற்றோர் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். மனப்பாடமானால் அடுத்த சோதனை வீண். வாசிப்பும் அதனால் வளராது. பிள்ளைக்குப் பிடித்த கதையில் ஒரு பக்கம் கொடுத்தனுப்புங்கள். அதையே நாலைந்து முறை அம்மாவுக்கோ தாத்தாவுக்கோ சத்தமாக வாசித்துக் காட்டட்டும். அந்த நேரத்தில் யாரும் கடிகாரம் பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.