இடுப்பில் தொடங்கி கட்டைவிரல் வரை: சயாட்டிகா வலி வந்தால் என்ன செய்யலாம்?

 

இன்னைக்குப் பாடம் கொஞ்சம் வேற மாதிரி. கோயில் வரலாறு இல்ல, விரத முறை இல்ல. நம்ம இடுப்பைப் பத்தின பாடம். கடைசி வரைக்கும் படிங்க. உங்களுக்கு இல்லாட்டியும் உங்க வீட்டுல யாருக்காவது உதவும்.

போன வருஷம் ஆடிக்கிருத்திகைக்குக் காவடி எடுக்கறேன்னு வேண்டிக்கிட்டு விரதம் ஆரம்பிச்சேன். முதல் வாரத்துலயே இடது பக்க இடுப்புல ஒரு பிடிப்பு. வாயுப் பிடிப்புன்னு நினைச்சு தைலம் தேய்ச்சேன். ரெண்டே நாள்ல அந்த வலி தொடைக்குப் பின்னால இறங்கி, கெண்டைக்காலோட வெளிப்பக்கமா ஓடி, கட்டைவிரல்ல வந்து நின்னுச்சு. கரண்ட் அடிக்கிற மாதிரி ஒரு இழுப்பு. தும்மினா போதும், கண்ணுல தண்ணி வந்துடும்.

நான் மத்தூர்ல இருந்து ஓசூருக்குக் கம்பெனி பஸ்ல போறவன். போக வர பஸ்ல உட்கார்ந்தே பல மணி நேரம், நடுவுல முழு ஷிப்டும் நின்னுக்கிட்டே வேலை. காண்ட்ராக்ட் வேலைங்கறதால லீவு கேட்கவே பயம். அதனால யார்கிட்டயும் சொல்லல. "முருகன் பார்த்துக்குவார்"னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு மூணு வாரம் மறைச்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு. நம்ம பக்கத்துல ஓசூர், போச்சம்பள்ளி சிப்காட்டுக்குப் போற பசங்க, கிரானைட் குவாரியில வேலை செய்றவங்க, சீசன்ல மாங்காய்க் கூடை தூக்கறவங்க எத்தனையோ பேர் இதே தப்பைச் செய்றாங்க. அதனாலதான் எழுதறேன்.

வலி காலில், காரணம் முதுகில்

சயாட்டிகா என்பது ஒரு நரம்பின் பெயரிலிருந்து வந்த சொல். நம் உடம்பிலேயே மிகத் தடிமனான நரம்பு சயாட்டிக் நரம்புதான். கீழ்முதுகில் தண்டுவடத்திலிருந்து வரும் பல நரம்பு வேர்கள் ஒன்று சேர்ந்து இது உருவாகிறது. பிட்டத்தின் வழியாக இறங்கி, தொடையின் பின்பக்கம் ஓடி, முழங்காலுக்கு அருகில் பிரிந்து, பாதம் வரை போகிறது.

முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி டிஸ்க் இருக்கிறது. அது பிதுங்கி ஒரு நரம்பு வேரை அழுத்தினாலோ, அந்த இடத்தில் அழற்சி வந்தாலோ, மேலே நடக்கும் கோளாறு கீழே காலில் வலியாகத் தெரியும். பெரும்பாலும் இடுப்புக்குக் கீழ்ப்பகுதியில் உள்ள கடைசி இரண்டு டிஸ்குகளில்தான் இது நடக்கும். டிஸ்க் பிதுங்குவதுதான் காரணம் என்பதை 1934-ல் அமெரிக்காவைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் மருத்துவ உலகம் பரவலாக ஏற்றுக்கொண்டது. அதனால காலை எவ்வளவு தேய்ச்சாலும், சுளுக்கு எடுத்தாலும் வலி போகலேன்னா ஆச்சரியம் இல்ல. பிரச்சினை காலில் இல்லையே.

கந்த சஷ்டி கவசம் தினமும் சொல்றவங்க ஒண்ணை யோசிச்சுப் பாருங்க. தேவராய சுவாமிகள் அதுல இடை, தொடை, முழந்தாள், கணைக்கால், கால்விரல்னு ஒவ்வொரு உறுப்பாகப் பேர் சொல்லி வேலைக் காவலுக்கு அழைக்கிறார். இந்த நரம்பு போற வழியும் கிட்டத்தட்ட அதேதான். இவ்வளவு அக்கறையாகப் பேர் சொல்லிக் காக்கச் சொன்ன உடம்பை நாமே கவனிக்காம விடலாமா?

படுத்தே கிடந்தால் சரியாகுமா?

நம்ம வீட்டுல முதல்ல சொல்ற வைத்தியம் "அசையாம படு" என்பதுதான். வலி உச்சத்தில் இருக்கும் ஒன்றிரண்டு நாள் அப்பப்போ படுப்பதில் தப்பில்லை. ஆனால் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பது உதவாது. 1999-ல் நெதர்லாந்தில் 183 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வாரம் படுக்கையில் ஓய்வெடுத்தவர்களுக்கும் வழக்கமான வேலைகளை முடிந்த அளவு செய்தவர்களுக்கும் குணமாவதில் வித்தியாசமே இல்லை. அசையாமல் கிடந்தால் தசைகள்தான் பலவீனமாகும்.

நல்ல செய்தி என்னன்னா, பெரும்பாலானவங்களுக்கு இந்த வலி சில வாரங்கள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள தானாகவே நல்லாக் குறைஞ்சிடும். பிதுங்கிய டிஸ்க் பகுதியை உடம்பே மெல்ல மெல்லக் கரைத்துவிடுவதும் உண்டு. ஆபரேஷன் எல்லாருக்கும் தேவைப்படாது. அதே நாட்டில் 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வு, கடும் சயாட்டிகா இருந்த 283 பேரைப் பின்தொடர்ந்தது. சீக்கிரமே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கு வலி வேகமாகக் குறைந்தது. ஆனால் ஒரு வருட முடிவில் இரண்டு பிரிவிலும் 95 சதவீதம் பேர் தேறியிருந்தார்கள். பொறுத்திருந்து பார்த்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிறகு ஆபரேஷன் தேவைப்பட்டது என்பதும் உண்மை. எனவே அவசரமும் வேண்டாம், பிடிவாதமும் வேண்டாம்.

ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயப்படறவங்களுக்கு ஒரு வார்த்தை. முதுகு வலியே இல்லாத 20 வயதுக்காரர்களை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாலும் சுமார் 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரியும். அதனால ரிப்போர்ட்ல "டிஸ்க் பல்ஜ்"னு ஒரு வரி இருந்தா வாழ்க்கையே முடிஞ்சதுன்னு அர்த்தம் இல்ல. வலியும் பரிசோதனையும் ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுதான்னு டாக்டர்தான் சொல்லணும்.

தினமும் செய்ய வேண்டியவை

1. நடக்கணும். முதல்ல பத்து நிமிஷம் போதும். தாங்கற அளவு, சமதரையில. வீட்டுலேருந்து கோயில் வரைக்கும் போய் வந்தாலே ஒரு நல்ல ஆரம்பம்.

2. அரை மணிக்கு மேல ஒரே இடத்துல உட்காராதீங்க. பஸ்ல போறவங்க கீழ்முதுகுக்குப் பின்னால ஒரு துண்டைச் சுருட்டி வைங்க. பஸ் நிக்கற இடத்துல எழுந்து ஒரு தடவை நிமிர்ந்து நில்லுங்க. கடைசி சீட் வேண்டாம், குலுக்கல் அங்கதான் அதிகம்.

3. பாரம் தூக்கும்போது முழங்காலை மடக்கி, பொருளை நெஞ்சோடு சேர்த்துப் பிடிச்சுத் தூக்குங்க. குனிஞ்ச நிலையிலேயே இடுப்பைத் திருப்பாதீங்க. தண்ணிக் குடத்துக்கும் இதே பாடம்தான். அக்கா தங்கைகள் கவனிங்க.

4. ஒருக்களிச்சுப் படுத்து, ரெண்டு முழங்காலுக்கும் நடுவுல தலையணை வைங்க. மல்லாந்து படுத்தா முழங்காலுக்கு அடியில வைங்க.

5. பேன்ட் பின்பாக்கெட்டுல தடியான பர்ஸ் வச்சுக்கிட்டு பைக் ஓட்டாதீங்க. அதுவும் அந்த நரம்பு போற பக்கத்தை அழுத்தும்.

6. பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுக்கிற பயிற்சியை மட்டும் செய்யுங்க. வீடியோ பார்த்து எல்லாத்தையும் முயற்சி பண்ணாதீங்க. எனக்குக் கத்துக்கொடுத்தவர் ஒரு எளிமையான அடையாளம் சொன்னார்: பயிற்சி செய்யும்போது வலி பாதத்தை விட்டு மேலே ஏறி இடுப்புப் பக்கம் வந்து ஒடுங்கினால் நல்லது, தொடரலாம். வலி இன்னும் கீழே இறங்கினால் உடனே நிறுத்திடணும்.

7. மெடிக்கல் ஷாப்ல கேட்டு வாங்கின வலி மாத்திரையை வாரக்கணக்குல போடாதீங்க. வயிற்றுப் புண்ணும் சிறுநீரகக் கோளாறும் வரலாம். நான் விரத வயித்துல போட்டேன். நெஞ்செரிச்சல் வந்ததுதான் மிச்சம்.

இவை இருந்தால் காத்திருக்கக் கூடாது

இந்தப் பகுதியை மட்டுமாவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சுக்குங்க.

சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டால், அல்லது தெரியாமலே சிறுநீர், மலம் கசிந்தால். சைக்கிள் சீட்டில் படும் இடத்தில், அதாவது தொடை இடுக்கிலும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போனால். இரண்டு காலிலும் வலியோ பலவீனமோ பரவினால், அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். 108-ஐக் கூப்பிடுங்கள். தாமதித்தால் நிரந்தர பாதிப்பு ஆகலாம்.

பாதத்தைத் தூக்க முடியாமல் தரையில் இழுபட்டால், நடக்கும்போது செருப்பு கழன்று போவதே தெரியாவிட்டால், அன்றே டாக்டரைப் பாருங்கள். வீட்டிலேயே சோதிக்க ஒரு வழி உண்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் மட்டும் நாலு அடி, பிறகு விரல் நுனியில் மட்டும் நாலு அடி நடந்து பாருங்கள். ஒரு பக்கம் தாங்கவில்லை என்றால் நரம்பு பலவீனமாகிறது என்று அர்த்தம்.

முதுகு வலியோடு காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், ராத்திரி தூங்கவிடாத வலி, விழுந்து அடிபட்ட பிறகு வந்த வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடக் கூடாது.

எங்கே போவது?

நம்ம மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரி 12-ல் வந்துவிட்டது. கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். வயசான அம்மா அப்பா படுக்கையில இருந்தா, "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்துல வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவாங்க. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி தொடங்கினதே நம்ம கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியிலதான். உங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

கம்பெனியில வேலை செய்ற தம்பிகளே, லீவு போட்டா சம்பளம் போயிடும்னு என்னை மாதிரி பயப்படாதீங்க. 21,000 ரூபாய்க்குள்ள மாதச் சம்பளம் வாங்கி, இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிற எல்லாருக்கும், காண்ட்ராக்ட் ஆளா இருந்தாலும், இலவச சிகிச்சை உண்டு. இ.எஸ்.ஐ. டாக்டர் ஓய்வுச் சான்று கொடுத்தா, சந்தா கட்டிய நாட்கள் விதிப்படி இருந்தால், சம்பளத்துல 70 சதவீதம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் கிடைக்கும். சம்பள ரசீதை எடுத்து இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கான்னு இன்னைக்கே பாருங்க. எனக்கு நம்பர் இருந்துச்சு. நான்தான் பார்க்கவே இல்ல.

அப்போ காவடி?

இதுதான் என்னை ராத்திரி தூங்கவிடாத கேள்வி. டாக்டர் ஆறு வாரம் தோள்ல பாரமும் வேண்டாம், மலைப்படியும் வேண்டாம்னுட்டார். வேண்டுதலை மீறினா தெய்வ குத்தம் ஆகிடுமோன்னு அழுதே விட்டேன். அம்மாதான் சொன்னாங்க: "உன்னை நொண்டியாக்கிப் பார்க்கவா முருகன் காத்துக்கிட்டிருக்கான்? அடுத்த வருஷம் எடுடா சாமி."

பாம்பன் சுவாமிகளை நினைச்சுப் பாருங்க. சண்முக கவசம் பாடியவர். 1923 டிசம்பர் 27-ஆம் தேதி சென்னை தம்புச்செட்டித் தெருவில் குதிரை வண்டி மோதி அவர் கால் முறிந்தது. அப்போது எழுபது வயதைத் தாண்டியவர். அவரை அரசு பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கே படுக்கையில் இருந்தபோதுதான் முருகனின் மயில் காட்சி கிடைத்து கால் குணமானது என்பது அடியார்கள் நம்பிக்கை. இன்றும் மயூர வாகன சேவன விழாவாக அதைக் கொண்டாடுகிறோம். ஒன்றைக் கவனிங்க. அந்த அருள் வந்த இடம் ஆஸ்பத்திரிக் கட்டில். அவ்வளவு பெரிய அடியாரே சிகிச்சையை ஒதுக்கவில்லை. நாம ஏன் ஒதுக்கணும்?

அந்த வருஷம் நான் காவடி எடுக்கல. வீட்டுலேயே பால் வச்சுக் கும்பிட்டேன். பயிற்சியை ஒரு நாளும் விடாம செஞ்சேன், கவசம் சொல்லிக்கிட்டே. பத்தாவது வாரம் பஸ்ல இருந்து இறங்கும்போதுதான் கவனிச்சேன், கால்ல இழுப்பு இல்ல. முழுசா போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். குளிர்காலத்துல, இல்லன்னா ரொம்ப நேரம் உட்கார்ந்தா எட்டிப் பார்க்கும். அப்போ எழுந்து நடப்பேன். அதோட வாழக் கத்துக்கிட்டேன்.

இந்த ஆடிக்கு டாக்டர் சரின்னு சொல்லிட்டார். சின்னக் காவடி, நடுவுல ரெண்டு இடத்துல இறக்கி வச்சு ஓய்வு. முருகன் கணக்குல அதுவும் காவடிதான்.

உங்க குரூப்ல யாராவது இடுப்பைப் பிடிச்சுக்கிட்டே "ஒண்ணுமில்லண்ணா"ன்னு சிரிச்சா, இதை அவங்களுக்கு அனுப்புங்க. அனுப்பிட்டு விட்டுடாதீங்க, கூடவே ஆஸ்பத்திரிக்கும் போய்ட்டு வாங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!