எந்த மருந்து என்பது அப்புறம், எந்தத் தண்ணீர் என்பது முதலில்

வீட்டுக்கு ஜக்குஸி என்னும் சுடுநீர்த் தொட்டி வாங்கப் போகிறவர்கள் எத்தனை பேர் உட்காரலாம், எத்தனை ஜெட் இருக்கிறது என்று கேட்டு முடித்ததும், அடுத்ததாகக் குளோரின் நல்லதா, புரோமின் நல்லதா என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். ஆனால் கோவை சரவணம்பட்டியில் அதைக் கேட்கும் வரிசை தவறு. கடைக்காரர் சொல்லும் பதில் தண்ணீர் நல்ல தண்ணீராக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு சொல்லப்படுவது. நம் வீட்டுக் குழாயில் வருவது அந்தத் தண்ணீர் அல்ல. தொட்டியில் எந்தத் தண்ணீரை நிரப்பப் போகிறோம் என்பதை முடிவு செய்தால், எந்த மருந்து என்பது பாதிக்கு மேல் தானாகவே முடிவாகிவிடும். தண்ணீரை விட்டுவிட்டு மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவருக்குப் பணம்தான் கரையும்.

சத்தி ரோட்டின் இரு பக்கமும் வீடுகளுக்கு வரும் தண்ணீர் மூன்று வகை. முதலாவது, பில்லூர்த் திட்டத்தில் வரும் பவானி ஆற்றுத் தண்ணீர். நல்ல தண்ணீர், ஆனால் தினமும் வராது. இரண்டாவது போர்த் தண்ணீர். கருங்கல் பூமியில் பல நூறு அடி இறங்கி எடுப்பதால் கல்லின் உப்பும் சுண்ணாம்பும் கரைந்தே மேலே வரும். கொங்குப் பக்கம் சப்பைத் தண்ணீர் என்று சொல்லிக் குடிக்காமல் ஒதுக்குவது இதைத்தான். மூன்றாவது லாரித் தண்ணீர். அது பெரும்பாலும் இன்னொருவர் தோட்டத்துக் கிணறோ போரோதான். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. சுடுநீர்த் தொட்டிக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் சுண்ணாம்புக் கடினத்தன்மை 150 முதல் 250 வரை. போர்த் தண்ணீர் குடிநீரின் மேல் வரம்பைத் தொடும் வீட்டில், தொட்டியின் அளவை அது நிரப்பும்போதே தாண்டிவிடுகிறது.

தாண்டினால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி தேட வெளியே போக வேண்டாம், கீசரின் காயிலைக் கழற்றிப் பார்த்தால் போதும். பெரும்பாலான உப்புகள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கால்சியம் கார்பனேட் நேர்மாறு, சூடு ஏற ஏறப் படியும். ஆகவே முதலில் அது உட்காரும் இடம் தண்ணீரைச் சூடாக்கும் கம்பிதான். 1,200 லிட்டர் கொள்ளும் நால்வர் தொட்டியை 600 கடினத்தன்மை உள்ள தண்ணீரால் நிரப்பினால், அதில் 720 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான சரக்கு கரைந்திருக்கும். ஆவியாகிப் போகும் தண்ணீர் சுண்ணாம்பை விட்டுவிட்டுத்தான் போகிறது. குறைந்ததை அதே போர்த் தண்ணீரால் ஈடு செய்யும்போது மேலும் மேலும் சேர்கிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. ஜெட்டுகள் காற்றை அடிக்கும்போது தண்ணீரில் உள்ள கரியமில வாயு வெளியேறி, பிஎச் மேலே ஏறும். காரத்தன்மை அதிகமுள்ள தண்ணீரில் அது ஏறிக்கொண்டே இருக்கும். பிஎச் 7.5 அளவில் இருக்கும்போது போட்ட குளோரினில் ஏறத்தாழப் பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8 ஆனால் கால் பங்குதான். அளவு காட்டும் பட்டையில் குளோரின் சரியாக இருக்கிறது, தண்ணீர் மட்டும் கலங்குகிறது என்ற புகாருக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது.

அப்படியானால் எந்தத் தண்ணீர்? பில்லூரிலிருந்து வரும் மாநகராட்சித் தண்ணீர் தரத்தில் பொருத்தமானது. ஆனால் விட்டு விட்டு வரும் குடிநீரைத் தொட்டிக்குத் திருப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துக்கொண்டு சோடியத்தைத் தருகிறது. சுண்ணாம்பு படிவது நிற்கும், காரத்தன்மை அப்படியே இருக்கும், ஆகவே பிஎச் ஏறும் தொல்லை தீராது. முழுக்க மென்மையான தண்ணீர் நுரைக்கும், உலோகப் பாகங்களை அரிக்கவும் பார்க்கும். காலி செய்யும்போது அந்தச் சோடியம் தோட்டத்து மண்ணையும் கெடுக்கும். ஆர்ஓ எல்லாவற்றையும் எடுத்துவிடும். ஆனால் வீட்டு ஆர்ஓ ஒரு லிட்டர் கொடுக்க ஒன்று முதல் மூன்று லிட்டர் வரை கழிவாகத் தள்ளும். 1,200 லிட்டருக்கு அதைக் கணக்குப் போட்டால் மனம் ஒப்பாது. நான் முதலிடம் தருவது மழைத் தண்ணீரோடு போர்த் தண்ணீரைக் கலப்பதற்கு. மழைத் தண்ணீரில் கடினத்தன்மை ஏறக்குறைய இல்லை, காரத்தன்மையும் இல்லை. அதனால் தனியாக நிரப்பினால் பிஎச் நிலையில்லாமல் ஆடும். போர்த் தண்ணீரிலோ இரண்டும் மிகை. இரண்டு பங்கு மழை, ஒரு பங்கு போர் என்று கலந்தால் 600 கடினத்தன்மை 200-க்கு வந்துவிடும். 400 அளவில் இருந்த காரத்தன்மையும் 130 பக்கம் இறங்கும். 80 முதல் 120 வரை வேண்டும் என்பதால், மிச்சத்தைக் கொஞ்சம் உலர் ஆசிட், அதாவது சோடியம் பைசல்பேட், போட்டுச் சரிசெய்யலாம். ஒருவேளை குறைந்துபோனால் ஆப்ப சோடா இருக்கிறது. 1,200 லிட்டரில் காரத்தன்மையை 10 புள்ளி ஏற்ற 20 கிராம் போதும்.

மழையை நம்பியா இதைச் செய்வது என்று கேட்கலாம். கோவை அப்படியொன்றும் மழை கொட்டும் ஊரல்ல, ஆண்டுக்கு 600 முதல் 700 மில்லிமீட்டர்தான், அதிலும் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில். ஆனால் கூரையின் கணக்கு வேறு. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஆயிரம் சதுர அடி மாடி என்பது 93 சதுர மீட்டர். 15 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால், வழியில் போகும் இழப்பைக் கழித்தும் ஆயிரம் லிட்டர் இறங்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தொட்டியை மாற்றினால் ஆண்டுக்கு ஆறு முறை. ஒவ்வொரு முறைக்கும் 800 லிட்டர் மழைநீர் என்றால் 4,800 லிட்டர். மூடி போட்ட 5,000 லிட்டர் சின்டெக்ஸ் ஒன்று ஆண்டு முழுவதற்கும் காணும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது, குழாய் ஏற்கெனவே இறங்கியிருக்கும். அதைக் குழிக்குள் விடுவதற்கு முன் ஒரு தொட்டிக்குத் திருப்ப வேண்டியதுதான் வேலை. மாடித் தண்ணீரில் காக்கை எச்சமும் தூசியும் வரும் என்பது உண்மை. முதல் பத்து நிமிட மழையை வெளியே விட்டு, மிச்சத்தைத் துணி வடிகட்டியில் பிடித்து, நிரப்பிய அன்றே குளோரினைக் கூடுதலாகப் போட்டு ஒரு நாள் விட்டுவிட்டால் அந்த ஆட்சேபம் தீர்ந்தது.

இனி மருந்துக்கு வரலாம். பிளீச்சிங் பவுடர் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது சுண்ணாம்பில் ஏற்றிய குளோரின். சுண்ணாம்பு மிகுந்த தண்ணீரில் மேலும் சுண்ணாம்பைக் கொட்டுவதில் அர்த்தமில்லை. நீச்சல் குளத்துக்காரர்கள் போடும் டிசிசிஏ 90 மாத்திரை கடும் அமிலம். ஒவ்வொரு முறையும் சயனூரிக் அமிலம் என்ற மிச்சத்தை விட்டுச் செல்லும். எஸ்டிஐசி என்று விற்கும் தூள் அந்த அளவுக்கு அமிலமல்ல, உடனே கரையும், ஆனால் மிச்சம் அதிலும் உண்டு. நாளுக்கு 3 பிபிஎம் (லிட்டருக்கு 3 மில்லிகிராம்) குளோரின் அந்தத் தூளால் சேர்த்தால் ஒரே மாதத்தில் சயனூரிக் அமிலம் 80 பிபிஎம் தாண்டும். குளோரினை வெயிலிலிருந்து காப்பது அதன் பயன். ஆனால் அளவு ஏற ஏறக் குளோரினின் வேகத்தையும் அதுவே கட்டிப்போடும். மூடி போட்டு வைக்கும் சுடுநீர்த் தொட்டிக்கு அது தேவையே இல்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமும் சுடுநீர்த் தொட்டியில் அதைச் சேர்க்க வேண்டாம் என்றே சொல்கிறது. மிஞ்சுவது திரவ ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட். 10 சதவீத ஹைப்போ 36 மில்லி ஊற்றினால் 1,200 லிட்டருக்கு 3 பிபிஎம் கிடைக்கும், மிச்சம் என்று பெரிதாக எதையும் விடாது. அதன் குறை நம் வெயில்தான். சித்திரையில் கேனோடு வெளியே வைத்தால் சில வாரங்களில் வலுவிழந்துவிடும், சின்னக் கேனாக வாங்கி நிழலில் வைக்க வேண்டும். எதை வாங்கினாலும் சரி, டிசிசிஏ மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே பக்கெட்டில், ஒரே கரண்டியில் தொடவிடக் கூடாது. தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும்.

புரோமின் விலை கூடுதல், பக்கத்துக் கடையில் கிடைக்காது. ஆனால் பிஎச் 8-க்குப் போனாலும் அதில் ஐந்தில் நான்கு பங்கு வேலை செய்யும் நிலையிலேயே இருக்கும், குளோரின் கால் பங்காகச் சுருங்கும் இடத்தில். மழைத்தொட்டிக்கு இடமில்லாத அடுக்குமாடி வீட்டில், போர்த் தண்ணீரையே நம்பி நிரப்புகிறவருக்கு இது பெரிய வித்தியாசம். அதற்காகப் புரோமின் சுண்ணாம்புக்கு மருந்தாகிவிடாது, ஹீட்டர் கம்பியில் படிவது படிந்துகொண்டுதான் இருக்கும். வெயில் நேராக விழும் மொட்டை மாடியில் மூடாமல் விட்டாலும் அது நிற்காது. உப்புப் போட்டுத் தானே குளோரின் தயாரிக்கும் கருவியை நம் ஊரில் நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதன் தகட்டில் சுண்ணாம்பு வேகமாக ஏறும்.

எத்தனையோ ரிசார்ட் குளங்கள் மாத்திரையிலேயே ஓடுகின்றனவே, வீட்டுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி என்பது அடுத்த ஆட்சேபம். 1,200 லிட்டரில் நான்கு பேர் இறங்கினால் ஆளுக்கு 300 லிட்டர். ஒரு லட்சம் லிட்டர் குளத்தில் அதே நெரிசல் வர 333 பேர் ஒரே நேரத்தில் குதிக்க வேண்டும். போதாக்குறைக்குச் சூடு. வியர்வை கூடும், குளோரின் விரைவாகத் தீரும். அதனால்தான் சுடுநீர்த் தொட்டிக்குக் குளோரின் 3 பிபிஎம்முக்கும் புரோமின் 4 பிபிஎம்முக்கும் குறையக்கூடாது என்கிறார்கள். சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்த்த தலையோடு இறங்கினால் கார்ட்ரிட்ஜ் ஃபில்டரின் மடிப்பெல்லாம் பிசுபிசுத்துப் போகும், எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. சீயக்காய் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும்.

ஓசோன், யூவி இருந்தால் ரசாயனமே வேண்டாம் என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்தக் கருவிகள் குழாய்க்குள் கடந்து போகும் தண்ணீரை மட்டுமே தொடும். தொட்டியில் இருக்கும் தண்ணீரிலோ, ஜெட் குழாய்களின் உள்சுவரில் ஒட்டி வளரும் கிருமிப் படலத்திலோ அவற்றுக்கு வேலையில்லை. 1999-இல் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில், விற்பனைக்காக ஓடவிட்டிருந்த ஒரு சுழல்நீர்த் தொட்டியிலிருந்து லெஜியோனெல்லா கிருமி சாரலோடு பரவி 32 பேர் இறந்தார்கள். தொட்டிக்குள் இறங்க வேண்டிய அவசியம்கூட இல்லை, பக்கத்தில் நடந்து போனாலே போதும் என்பதைக் காட்டியது அந்தச் சம்பவம். 25 முதல் 45 டிகிரி வரை அந்தக் கிருமி வளர ஏற்ற சூடு. வெயில் காலத்தில் ஹீட்டரை அணைத்து, மருந்தையும் நிறுத்திவிட்டு, 30 டிகிரியில் சும்மா கிடக்கும் தொட்டி அதற்கு நல்ல இடம். பயன்படுத்தாத மாதங்களில் முழுக்கக் காலி செய்து உலர விடுவதே சரி. அப்போது கொசுவும் அண்டாது.

தண்ணீர்ப் பஞ்ச ஊரில் இதெல்லாம் ஆடம்பரம் இல்லையா? ஆடம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அளவைப் பார்க்க வேண்டும். இரண்டு பேர் தினமும் இறங்கும் 1,200 லிட்டர் தொட்டியை ஏறக்குறைய 50 முதல் 60 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். நாளுக்கு 20 லிட்டர் சொச்சம். நகரக் குடிநீர்த் திட்டங்கள் ஒரு ஆளுக்கு ஒதுக்கும் கணக்கே நாளுக்கு 135 லிட்டர். மருந்தில்லாமல் ஒவ்வொரு முறையும் நிரப்பிக் காலி செய்யும் குளியலறை ஜெட் தொட்டி இதைவிடச் சிக்கனம் என்று தோன்றும். ஆனால் 300 லிட்டர் தொட்டியை வாரம் ஒருமுறை பயன்படுத்தினால் மாதத்துக்கு 1,200 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரட்டிப்பு. இருந்தாலும் மாதம் இரண்டு முறைக்கு மேல் இறங்க நேரமில்லாதவருக்கு அதுதான் பொருத்தம். குழாய்க்குள் தேங்குவதை மட்டும் அவ்வப்போது குளோரின் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும்.

தொட்டிக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன், போரைக் கால் மணி நேரம் ஓடவிட்டுப் பிடித்த தண்ணீரைத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் கோவை ஆய்வகத்தில் கொடுத்து, கடினத்தன்மை, காரத்தன்மை, பிஎச் மூன்றையும் எழுதி வாங்குங்கள். கடினத்தன்மை 250-க்குள் இருந்தால் அப்படியே நிரப்பித் திரவ ஹைப்போ போடுங்கள். அதற்கு மேல் இருந்து மாடியில் 5,000 லிட்டர் வைக்க இடமும் இருந்தால், மழை கலந்து, அதே ஹைப்போ. இடமில்லை, ஆனால் 400-க்குள் என்றால் புரோமின், கூடவே ஆண்டுக்கு ஒருமுறை ஹீட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்யும் செலவு. 400-க்கு மேல், மழைநீர் பிடிக்கவும் வழியில்லை என்றால் சுடுநீர்த் தொட்டி வாங்க வேண்டாம்.