அழைப்பிதழ் அச்சிடுமுன்: லேசர் இயந்திரத்துக்கு ஏற்ற தாள்கள்



சென்ற ஆண்டு மஹோற்சவ அறிவித்தலைத் தபாலில் சேர்க்க இரண்டு நாட்களே இருக்கையில் எமது அலுவலக லேசர் அச்சியந்திரம் நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். காரணம் மிகச் சிறியது. ஏற்கெனவே ஆறு லேபல்களை உரித்தெடுத்திருந்த ஒரு முகவரித் தாளை, மிச்சம் வீணாகக் கூடாதென்று திரும்பவும் உள்ளே விட்டோம். ஓரத்தில் இருந்த லேபல் ஒன்று சூட்டில் கழன்று உள்ளுருளையில் சுற்றிக்கொண்டது. சில சதங்களை மிச்சம் பிடிக்கப் போய், திருத்தும் கூலி புது இயந்திரத்தின் விலையை எட்டியது. சில வீடுகளுக்கு அறிவித்தல் போய்ச் சேர்ந்தபோது கொடியேற்றம் முடிந்துவிட்டது.

பூப்புனித நீராட்டு, திருமணம், பிறந்தநாள் அழைப்பிதழ்களை வீட்டிலேயே அச்சிடும் குடும்பங்கள் எம்மிடையே பல. அவர்களுக்கும் இது நேரக் கூடாதென்றே இம்முறை இந்தப் பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

லேசர் இயந்திரத்தில் ஈரமான மை கிடையாது. டோனர் என்பது நிறமூட்டிய நுண்ணிய பிளாஸ்டிக் தூள். மின்னேற்றிய உருளை ஒன்றில் லேசர் ஒளி எழுத்துகளை வரைய, அந்த இடங்களில் தூள் ஒட்டிப் பின் தாளுக்கு மாறுகிறது. அடுத்து, ஏறத்தாழ 200 பாகை செல்சியஸ் வரை சூடேறிய உருளைகளுக்கிடையே தாள் நெரிபட்டுப் போகும்போது தூள் உருகித் தாளோடு பற்றிக்கொள்கிறது. 1938 இல் செஸ்டர் கார்ல்சன் கண்ட உலர் நகலெடுக்கும் முறையே இதற்கு அடிப்படை. அந்தச் சூடு இன்றும் இருக்கிறது. ஆகவே தோசைக்கல்லில் வைத்தால் உருகும், ஒட்டும், சுருளும் என்று நீங்கள் நினைக்கும் எதையும் இதற்குள் விட வேண்டாம்.

லேபல் வாங்கும்போது பொதியில் ‘லேசர்’ என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்க்ஜெட்டுக்கென்று செய்த லேபலின் பசை சூட்டில் இளகி ஓரத்தால் கசியலாம். முழுத்தாளையே விடுங்கள்; ஒருமுறை போன தாளை மறுமுறை விடாதீர்கள். இன்க்ஜெட்டுக்கான பிளாஸ்டிக் தாளும், பளபளப்பான படத்தாளும் இன்னும் ஆபத்தானவை. அவை உருளையிலேயே உருகி ஒட்டிவிடும். கடையில் விற்கும், பொன்னிறப் பிள்ளையார் பதித்த ஆயத்த அட்டைகளையும் நாம் விடுவதில்லை. அந்தப் பொன்தகடும் புடைத்த எழுத்தும் சூட்டுக்கு நிற்குமா என்று சொல்ல முடியாது.

இனி மட்டையின் தடிப்பு. சாதாரண தாள் சதுர மீற்றருக்கு 80 கிராம். வீட்டுக்கான சிறிய இயந்திரங்கள் பல 160 கிராம் அளவோடு நின்றுவிடும். உங்கள் இயந்திரத்தின் எல்லை கையேட்டில் இருக்கும். திருமண அட்டைக்கு எல்லோரும் கேட்கும் 250, 300 கிராம் மட்டையை அச்சகத்துக்கே கொடுத்துவிடுவது நல்லது. எல்லைக்குள் உள்ள மட்டையென்றால், கணினியில் ‘தடித்த தாள்’ என்ற தெரிவை மறக்காதீர்கள். அப்போதுதான் டோனர் நன்றாக உருகும். இல்லாவிட்டால் நகத்தால் சுரண்டினாலே எழுத்து உதிரும். தட்டில் அடுக்காமல் ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்து, பின்கதவு இருந்தால் அதைத் திறந்துவிட்டால் மட்டை வளையாமல் நேரே வெளியே வரும். மடிப்பு விழும் இடத்தில் எழுத்தோ கரிய பட்டையோ வேண்டாம். மடித்ததும் டோனர் வெடித்து வெண்கோடு தெரியும்.

சொரசொரப்பான அலங்காரத் தாள் பார்வைக்கு அழகுதான். ஆனால் அதன் பள்ளங்களில் தூள் சரியாகப் பிடிக்காது. ஆங்கிலத்தில் இது பெரிதாகத் தெரியாது. தமிழில் முதலில் போவது புள்ளிதான். ‘செல்வன்’ என்பது ‘செலவன்’ ஆகிவிடும். கலியாண வீட்டில் அதுவும் பொருத்தம்தான் என்றாலும், மாப்பிள்ளை வீட்டார் சிரிக்க மாட்டார்கள்! வழவழப்பான தாளையே எடுங்கள். ஒன்றை அச்சிட்டு, புள்ளிகளை எண்ணிப் பார்த்து, பிறகு மற்றவற்றை விடுங்கள்.

குளிர்காலத்தில் காரிலிருந்து கொண்டுவந்த தாளை உடனே பிரிக்காமல், அறையில் சில மணிநேரம் வைத்திருங்கள். பிரித்த தாளை நிலவறையில் திறந்தபடி போட்டால் ஈரம் ஏறிச் சுருளும், சிக்கும். சிக்கினால் இயந்திரத்தை நிறுத்தி, சூடு ஆறியபின், தாள் போகும் திசையிலேயே மெதுவாக இழுக்க வேண்டும். டோனர் வேட்டியிலோ சேலையிலோ கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் கறை நிலைத்துவிடும்.

அழைப்பிதழின் மூலைகளுக்கு மஞ்சள் தடவுவதை அச்சிட்டு முடித்தபின் செய்யுங்கள். சென்ற தை மாதம் ஒரு அம்மா நல்லநேரம் தவறக் கூடாதென்று முன்னதாகவே தடவிக் கொடுத்துவிட்டார். உருளைகளைத் துடைக்க எமக்கு ஒரு முழுப் பின்னேரம் போனது.

எந்தத் தாள் பொருந்தும் என்ற ஐயம் இருந்தால், வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்தபின் அதன் பொதியுறையோடு அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள், பார்த்துச் சொல்கிறோம். பாதி உரித்த லேபல் தாளை மட்டும் தயவுசெய்து கொண்டுவர வேண்டாம்.