வில்லங்கச் சான்று சொல்லாதவை



தமிழ்நாட்டில் பழைய வீடொன்றை வாங்க முற்படுவோர் பலர், வில்லங்கச் சான்றில் சிக்கல் ஏதும் தென்படவில்லை என்றவுடன் முன்பணம் கொடுத்துவிடுகின்றனர். ஒரு சொத்தின்மீது குறிப்பிட்ட காலத்துக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான கிரயம், அடமானம், தானம், பாகப்பிரிவினை முதலிய ஆவணங்களின் பட்டியலே வில்லங்கச் சான்று என்பதால், பதிவுக்கு வராத எந்த உரிமையையும் அது காட்டாது.

உயிலைப் பதிவு செய்தே ஆகவேண்டும் என்று 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் கூறவில்லை. வாரிசுரிமையோ எந்தப் பத்திரமும் இன்றியே உரிமையாளர் இறந்தவுடன் உண்டாகிவிடுகிறது. ஆகவே, தந்தை தம் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை, அவர் உயில் எழுதாமல் மறைந்த பின் மகன் ஒருவர் மட்டும் விற்க வந்தால், சான்றில் குறையேதும் இராது. ஆயினும் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும், மகள்களுக்கும், இறந்தவரின் தாய் உயிரோடிருப்பின் அவருக்கும் அவ்வீட்டில் மகனுக்கு நிகரான பங்கு உண்டு. பூர்விகச் சொத்திலும் மகளுக்குப் பிறப்பாலேயே உரிமை உண்டென 2005ஆம் ஆண்டின் திருத்தம் வகுத்தது. அத்திருத்தம் வந்தபோது தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020இல் தெளிவுபடுத்தியது. கட்டிக்கொடுத்த பெண்ணின் கையெழுத்து எதற்கு என்று விற்பவர் கேட்பாராயின், விலை எவ்வளவு மலிவாயினும் அப்பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். வழக்குக்கு அஞ்சி மட்டுமன்று, ஒரு பெண்ணுக்குச் சேரவேண்டிய பங்கை விழுங்கி வீடு வாங்குவது தகாது என்பதாலும்.

பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவேயன்றி அது மட்டுமே உரிமையை நிலைநாட்டாது. இன்றைய உரிமையாளருக்குச் சொத்து எவ்வாறு வந்தது என்பதை முந்தைய கிரயங்கள் வழியே காட்டும் மூலப்பத்திரங்களின் அசலைப் பார்த்தாக வேண்டும். பவர் பத்திரம் எனப்படும் பொது அதிகார ஆவணத்தைக் கொண்டு ஒருவர் விற்பாராயின், அதை எழுதிக் கொடுத்தவர் உயிரோடிருக்கிறாரா, அதை ரத்து செய்துவிட்டாரா என்பவற்றை நேரில் விசாரிப்பதே முறை. அவ்வாவணம் தன்னளவில் உரிமையை மாற்றாது என்பது 2011இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு.

விற்பவருக்கும் ஒரு கடமை உண்டு. வங்கிக் கடனை அடைத்தவர் அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாவிடின், தீர்ந்த கடனும் தீராததுபோல் சான்றில் நிற்கும். கிரயத்தின்போது அலைவதைவிட, கடன் முடிந்த கையோடு அதைப் பதிவு செய்துவிடுவது நலம்.

முன்பணத்தை வங்கி வழியாகவே கொடுத்து, விலை, தவணை, கெடு ஆகியவற்றை எழுதிய கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்துகொள்ள வேண்டும். 2012ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். வாரிசுகள் அனைவரும் அதில் கையெழுத்திடும் வரை ஒரு ரூபாயும் கைமாற வேண்டாம்.