அட்டவணையின் அடிப்பகுதி

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப்புறங்களில் மழையின் அளவு இடத்திற்கு இடம் பெரிதும் வேறுபடும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்தது. தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களின் மலைச்சரிவுகள் மிகுந்த மழையைப் பெறுவன. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் பெருமழையினால் ஏற்பட்ட நிலச்சரிவில் 70 பேர் உயிரிழந்தனர். ஆதலின் இப்பகுதிகளில் மழைக்கணக்கைப் பிழையின்றி எழுதி வைத்தல் மிகவும் அவசியமாகும்.

அட்டவணைக்குத் தலைப்பகுதி, உடற்பகுதி, அடிப்பகுதி என மூன்று உறுப்புகள் உண்டு. தலைப்பகுதி ஒவ்வொரு பத்தியும் இன்னதென்று கூறும். உடற்பகுதி அன்றாட அளவுகளைக் கொண்டிருக்கும். அவற்றின் கூட்டுத்தொகை அடிப்பகுதிக்கு உரியது. இணையப் பக்கங்களை அமைக்கும் எச்.டி.எம்.எல். மொழியில் இவை முறையே டி-ஹெட், டி-பாடி, டி-ஃபுட் என்னும் குறிகளால் காட்டப்படும்.

ஓர் உதாரணம் காண்க. ஏழு நாட்கள் காலை 8.30 மணிக்கு அளந்த மழை 12, 40, 35, 28, 50, 20, 25 மில்லிமீட்டர் எனக் கொள்க. மொத்தம் 210. ஒரு நாளில் 64.5 மி.மீ. முதல் பெய்யும் மழையைக் கனமழை என்றும், 204.4 மி.மீட்டருக்கு மேற்பட்டதை அதிகனமழை என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை வகுத்துள்ளது. இவ்வேழு நாட்களில் கனமழை ஒரு நாளும் பெய்யவில்லை. ஆயினும், மொத்தத்தை எட்டாவது வரிசையாக உடற்பகுதியிலேயே எழுதிவிட்டால், கணிப்பொறி அதனையும் ஒரு நாளின் மழையாகக் கொள்ளும். கூட்டினால் 420 என வரும்; மிகப் பெரிய எண்ணைத் தேடினால், பெய்யாத அதிகனமழை பெய்ததாகத் தோன்றும்.

மொத்தத்தை அடிப்பகுதியில் வைத்து, உடற்பகுதியை மட்டும் கணக்கிடுமாறு கணிப்பொறிக்கு ஆணையிட்டால் இப்பிழை நேராது. தடித்த எழுத்தும் அடிக்கோடும் மனிதர் கண்ணுக்குப் போதுமானவை. பொறிக்கு அவை போதா.

1997இல் வெளிவந்த எச்.டி.எம்.எல். நான்காம் பதிப்பின்படி, அடிப்பகுதியை உடற்பகுதிக்கு முன்னரே எழுத வேண்டியிருந்தது. வரிசைகள் யாவும் வந்து சேருமுன்னரே உலாவி அடிப்பகுதியை அமைத்துக்கொள்ளட்டும் என்பதே அதன் நோக்கம். இக்கால விதிப்படி அது உடற்பகுதிக்குப் பின்னரே எழுதப்படும்.

நீண்ட அட்டவணையை அச்சிடும்போது சில உலாவிகள் அடிப்பகுதியை ஒவ்வொரு தாளிலும் திரும்ப அச்சிடும். அப்போது அதனை அந்தத் தாளின் மொத்தமென்று பிறர் கருதக்கூடும். ஆகவே ‘மொத்தம்’ என்று மட்டும் எழுதாமல், ‘7 நாட்களின் மொத்தம்’ என விளங்க எழுதுதல் வேண்டும்.

ஆசிரியர்கள் இக்கணக்கை இரு முறையிலும் மாணவரைக் கொண்டு எழுதச் செய்து, விடைகளை ஒப்பிட்டுக் காட்டலாம்.