எழில் எந்தக் கம்ப்யூட்டரில் ஓடும்?

புரோகிராம் எழுத இங்கிலீஷ் நல்லா வரணும் என்று நம் வகுப்பில் பாதிப் பேர் ஒதுங்கிக் கொள்கிறார்கள். முத்து அண்ணாமலை உருவாக்கி 2013-ல் வெளியிட்ட 'எழில்', தமிழிலேயே எழுதும் நிரல் மொழி. காசு கிடையாது. அதன் மூல நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம்.

எங்க மாமாவின் பழைய அரசு மடிக்கணினியில் விண்டோஸ், பாஸ் லினக்ஸ் என்று இரண்டும் இருக்கின்றன. விண்டோஸின் 'எக்ஸி' கோப்பு லினக்ஸில் அப்படியே ஓடாது. ஏன்? முறுக்கு மாவு ஒன்றுதான். குழலில் போடும் அச்சுக்குத் தக்கபடி தேன்குழலாகவோ முள்ளுமுறுக்காகவோ விழும். மூல நிரல்தான் மாவு. 'கம்பைலர்' அதை ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் தனித்தனியாகப் பிழிந்து தருகிறது. வெந்த முறுக்கை மறுபடி மாவாக்க முடியுமா?

எழிலுக்கு இந்தத் தொல்லை நமக்கு இல்லை. அது பைத்தான் மொழியில் எழுதப்பட்டது. பைத்தானோ சி மொழியில் எழுதப்பட்டது. அதை விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் ஏற்கெனவே கம்பைல் செய்து வைத்திருக்கிறார்கள்.

லினக்ஸில் பைத்தான் பெரும்பாலும் முன்பே இருக்கும். விண்டோஸில் நாமதான் போடணும். அப்போது 'பாத்' என்று வரும் கட்டத்தில் டிக் அடிக்காவிட்டால், கறுப்புத் திரைக்குப் பைத்தான் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. (சார், லேபில் இதை ஒருதரம் காட்டுங்க!) பிறகு நெட் இருக்கும்போது 'பிப் இன்ஸ்டால் எழில்'. இது மட்டும் இங்கிலீஷ் எழுத்தில்.

அடுத்து நம்ம வரி:

பதிப்பி "வணக்கம் காரைக்குடி"