பேசும் வானொலி: ஹாம் ஓர் அறிமுகம்

வானொலி என்றால் நம்மில் பெரும்பாலோருக்குக் கேட்கத்தான் தெரியும். பேசுவதற்கும் ஒரு வானொலி உண்டு. அரசின் உரிமம் பெற்று, தமக்கென்று ஓர் அழைப்புக் குறியீடு வாங்கி, வீட்டில் இருந்தபடியே வெளியூர், வெளிநாட்டு அன்பர்களுடன் பேசுகிறவர்களை 'ஹாம்' என்கிறோம். இந்திய ஹாம்களின் குறியீடு வி.யூ. என்று தொடங்கும். ராஜீவ் காந்திகூட ஒரு ஹாம்தான். அவருடைய குறியீடு வி.யூ.2 ஆர்.ஜி.

இதில் வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. பின் என்னதான் பேசுவார்கள்? பெரும்பாலும் ஒன்றுமில்லை! "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது, என் ஊர் இது, என் ஆன்டெனா இப்படி, இங்கே மழை" என்பதோடு சரி. தபால்தலை சேகரிப்பவர்களைப்போல, எத்தனை நாடுகளுடன் பேசினோம் என்று கணக்கு வைத்துக்கொள்வார்கள். பேசியதற்கு அத்தாட்சியாக அட்டைகளைத் தபாலில் அனுப்பிக்கொள்வார்கள். வீட்டிலுள்ளவர்களுக்கு இது வெட்டிவேலையாகத் தோன்றினால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் அந்த நாடு சேர்க்கும் ஆசைதான் 2004-ல் அந்தமானுக்குக் கைகொடுத்தது. ஹாம்களின் கணக்கில் அந்தமான் - நிக்கோபார் தனி நாடு; குறியீடு வி.யூ.4. பல ஆண்டுகளாக அங்கிருந்து ஹாம் குரல் எதுவும் வராததால், உலகெங்கும் அதற்குப் பெரிய கிராக்கி. ஹைதராபாத் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் சிறப்பு அனுமதி பெற்று, டிசம்பர் தொடக்கத்தில் ஒரு குழுவுடன் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்தார். குறியீடு வி.யூ.4 ஆர்.பி.ஐ. டிசம்பர் 26 காலை பூமி அதிர்ந்தது, சுனாமி வந்தது. பொழுதுபோக்குக்காக நிறுத்திய அதே கருவிகள், அதே கம்பிகள், தீவுகளில் சிக்கியவர்களைப் பற்றிய செய்திகளைப் பெருநிலத்துக்குக் கொண்டுசென்றன. அந்தமானில் தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள் என்பதால், அந்த நாட்களில் இங்கே தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு தவித்த குடும்பங்களை நம் வாசகர்கள் அறிந்திருப்பார்கள்.

எல்லாம் செயலிழந்தபோது இது மட்டும் எப்படி வேலை செய்தது? நாம் பக்கத்துத் தெருவுக்குக் கைப்பேசியில் பேசினாலும் நடுவே கோபுரம், கேபிள், இணைப்பகம் என்று பல கண்ணிகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தால் பேச்சு நின்றுவிடும். மின்சாரம் போனால் கோபுரத்தின் பேட்டரியும் அதிக நேரம் தாங்காது. ஹாம் நிலையத்துக்கோ இந்த முனையில் ஒரு கருவி, அந்த முனையில் ஒரு கருவி, நடுவே ஆகாயம். 12 வோல்ட் கார் பேட்டரியே போதும். சிற்றலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பிப் பூமிக்கு வருகிறது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெகுதூரம் போகவேண்டுமானால் கம்பியை உயரத்தில் கட்டவேண்டும். இருநூறு, முந்நூறு கிலோமீட்டருக்குள் பேசவேண்டுமானால் தாழ்வாகக் கட்டுவதே நல்லது. அலை செங்குத்தாக மேலே போய்ப் பக்கத்திலேயே இறங்கும். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் நன்றாக வேலை செய்யும், இருட்டியபின் 3.5-க்கு இறங்கவேண்டி வரலாம். வெள்ளத்திலும் புயலிலும் மாவட்டத் தலைநகருடன் பேச இதுவே வழி. இதையெல்லாம் புயல் அடிக்கும் அன்று புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்ள முடியாது. வருஷக்கணக்கில் "இங்கே மழை" என்று பேசியவருக்கே கை தானாக வரும்.

கருவியைவிடக் கடினமானது ஒழுங்கு. பேரிடரில் ஓர் அலைவரிசையில் ஒருவர் தலைமை ஏற்பார். அவர் அழைக்கும்வரை மற்றவர்கள் வாயைத் திறக்கக்கூடாது. பெயர்களை எழுத்தெழுத்தாகச் சொல்லவேண்டும்: ஆர் என்றால் 'ரோமியோ', பி என்றால் 'பிராவோ'. நம் பெயர்களில் இன்னொரு சிக்கல், தலைப்பெழுத்து. பட்டியலில் மூன்று முருகேசன்கள் இருந்தால், கே. முருகேசனா, டி. முருகேசனா என்பதில்தான் ஒரு குடும்பத்தின் உயிரே இருக்கிறது. இரைச்சலில் கேயும் ஜேயும் ஒன்றுபோலக் கேட்கும். 'கிலோ' என்றால் சந்தேகமில்லை. எழுதிக்கொண்டவர் திருப்பிப் படித்துக் காட்டியபிறகே செய்தி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு. சாதாரண நாட்களில் பிறருக்காகச் செய்தி கடத்த ஹாம்களுக்கு அனுமதி இல்லை; இயற்கைச் சீற்றங்களின்போது மட்டும் விலக்கு உண்டு.

உரிமத்துக்கு மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சகத்தின் தேர்வு எழுதவேண்டும். விதிமுறைகளும் அடிப்படை எலெக்ட்ரானிக்ஸும்தான் பாடம். பள்ளி மாணவர்கள்கூடத் தேறியிருக்கிறார்கள். மோர்ஸ் தந்திக்குப் பயந்து ஒதுங்கியவர்களுக்கு ஒரு செய்தி: 2003-ல் சர்வதேச அளவில் அந்தக் கட்டாயம் நீங்கிவிட்டது, இங்கும் தொடக்க நிலை உரிமத்துக்கு அது தேவையில்லை. முதலில் உரிமம் உள்ள ஒருவரின் அருகே உட்கார்ந்து சில மாலைகள் கேட்டுப் பாருங்கள். பிடித்திருந்தால் பிறகு கருவி வாங்கலாம். ஆன்டெனாவுக்குப் பெரிய செலவில்லை. 7 மெகாஹெர்ட்ஸுக்கு இருபுறமும் பத்துப் பத்து மீட்டராக நீட்டிய செப்புக் கம்பி போதும். அடுக்குமாடிக் குடியிருப்பானால் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டு மொட்டை மாடியில் கட்டுங்கள். அதில் துணி உலர்த்தக்கூடாது என்று எல்லா வீட்டுக்கும் சொல்லிவையுங்கள்.